பெயர்ப்பலகை இல்லாத பட்டறைக்கு ஒரு மதிப்புரை

இந்தப் பட்டறையின் பெயரை எழுத வழியில்லை, அதற்குப் பெயரே கிடையாது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் கோரிமேட்டைத் தாண்டி, அடிவாரம் வருவதற்கு முன்னால், ஒரு புளியமரத்தை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று இருக்கும். கொட்டகைத் தூணில் கட்டிய தகரத் துண்டில் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருக்கும்: "சோதனைக் கூலி தனி". விளம்பரம் அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் ஆட்டோ எலக்ட்ரீசியன், அறுபதைத் தொட்டவர். அவரைப் பற்றி எழுதப் போகிறேன், பெயரைப் போடட்டுமா என்று கேட்டபோது, "வந்து நிற்கிற வண்டிகளையே முடிக்க முடியவில்லை, நீங்கள் வேறு ஏனம்மா கூட்டம் சேர்க்கிறீர்கள்" என்றார். அதனால் பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன். தேடிப் போகிறவர்களுக்கு அந்தத் தகரத் துண்டே போதிய அடையாளம்.

நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காபிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. காய்கறி, மளிகை, மருத்துவமனை, வங்கி என்று எதற்கும் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். இந்த வாழ்க்கையில் கார் ஆடம்பரம் இல்லை, அதுதான் கை கால். என்னுடையது பத்து வயது கடந்த சிறிய பெட்ரோல் கார். அது காலையில் எழுந்திருக்க மறுக்கத் தொடங்கிய கதையைச் சொன்னால்தான் இந்தப் பட்டறையை நான் ஏன் இவ்வளவு புகழ்கிறேன் என்பது விளங்கும்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி, எஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் எடுக்காது. சிறிது நேரம் கழித்துத் திருப்பினால் சோம்பலாக ஒரு சுற்று சுற்றிப் பற்றிக்கொள்ளும். சில நாட்களில் ஒரு தொந்தரவும் இருக்காது. மழையும் பனிமூட்டமும் சேர்ந்த வாரங்களில் அடம் பிடிக்கும். முதலில் ஒரு கடையில் காட்டினேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் "பேட்டரி போய்விட்டது" என்றார்கள். மீட்டர் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. பழையதைக் கழித்துக்கொண்டு 4,200 ரூபாய்க்குப் புதிய பேட்டரி வைத்தார்கள். வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு அதே "டக்". திரும்பப் போனால், ஒரு டெஸ்ட் பல்பை எரிய வைத்துக் காட்டி, "கரண்ட் எல்லாம் சரியாக வருகிறது, செல்ஃப் மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும், 7,800 ஆகும்" என்றார்கள். போகும்போதெல்லாம் ஒரு பாகம் சொல்லி விற்பதற்கு இவர்களுக்கு என் வண்டிதான் கிடைத்தது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தற்காலிக வழி தெரியும். வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவது. சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி உருட்டி, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு வாசல் அதற்கென்றே கடவுள் சரித்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை வாசலில், தோட்டப் பாதையில் செய்யலாம், மலைச்சாலையில் செய்யக்கூடாது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடம் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பிரேக் கல்லாக இறுகும், ஸ்டீயரிங்கும் கனக்கும். வளைவுக்கு முன்னால் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வதில் பயனில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு இந்த வித்தையே கிடையாது.

அப்படி உருட்டி எழுப்பிய காரோடுதான் அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நான் பேட்டரி, செல்ஃப் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன மாற்றினீர்கள் என்பது அப்புறம். சாவியைத் திருப்பினால் என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது, அதை மட்டும் சொல்லுங்கள் அம்மா" என்றார். இந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நட்சத்திரங்கள் கொடுக்கலாம். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் அது ஒரு வீடு. சுற்றவே இல்லை என்றால் அது வேறு வீடு. முதலாவதில் பெட்ரோல், பிளக், சென்சார், சாவியை அடையாளம் காணும் பூட்டுக் கருவி என்று தேட வேண்டும். இரண்டாவதில் பேட்டரி, ஒயர், செல்ஃப், சாவி ஸ்விட்ச் இவற்றுக்குள்தான் குறை. உருட்டினால் உடனே பற்றிக்கொள்கிறது என்று நான் சொன்னதும் முதல் வீட்டையே அவர் பூட்டிவிட்டார். பெட்ரோலும் பொறியும் சரியாக இருப்பதால்தானே பற்றுகிறது?

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். தமக்கை மகன் ஒருவன் அங்கே வேலை பழகுகிறான், அவனைச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். "டக்" சத்தம் கேட்டது. "மாமா, வெளிச்சம் அப்படியே இருக்கிறது" என்றான் பையன். இதன் பொருளை அவர் அவனுக்குச் சொல்வது போல எனக்கும் சொன்னார். விளக்கு செத்துப் போவது போல மங்கினால் பேட்டரி சோர்ந்திருக்கலாம், அல்லது செல்ஃப் இறுகி அளவுக்கு மீறி இழுக்கலாம். "டகடகடக" என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. சத்தமே வராமல் விளக்கும் மங்காமல் இருந்தால் சாவி ஸ்விட்ச், ரிலே பக்கம் போக வேண்டும். ஒற்றை "டக்", வெளிச்சமும் குறையவில்லை என்றால், செல்ஃபின் சொலினாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச், இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போக வேண்டிய பெரிய கரண்ட் எங்கேயோ மறிக்கப்படுகிறது.

மறிக்கப்படுவது மோட்டாருக்குள்ளா, வெளியிலா? கடைக்காரர்கள் மோட்டாரைக் கழற்றுவது இந்த இடத்தில்தான். இவர் மல்டிமீட்டரை எடுத்தார். மீட்டரின் முகத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல் என் பக்கம் திருப்பி வைத்தார். எல்லோரிடமும் அப்படித்தான் செய்கிறார் என்பதை அன்று காத்திருந்தபோது கவனித்தேன். பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தபோது 12.6 வோல்ட். ஓய்வில் இருக்கும் முழு சார்ஜ் பேட்டரி காட்டும் அளவு அது. 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. சாவியைத் திருப்பியபோது 11.4 வரைதான் இறங்கியது. செல்ஃப் இழுக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியின் மீது சந்தேகப்பட வேண்டும் என்றார். என் புதிய பேட்டரி நிரபராதி. அதற்கு முன்னால் கழித்துக் கொடுத்த பழையதும் நிரபராதியாகத்தான் இருந்திருக்கும், அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்தார். சாவியைத் திருப்பினேன். மீட்டர் நான்கு வோல்ட்டைத் தாண்டியது. நல்ல இணைப்பு என்றால் கால் வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும் என்றார். அதாவது, பேட்டரியிலிருந்து கிளம்பும் 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழியிலேயே கரைந்துகொண்டிருந்தது. அந்த வழிதான் எர்த் ஒயர், அதுதான் குற்றவாளி.

அதற்கும் மேலே ஒன்று செய்தார், அதுதான் என்னை அசத்தியது. கிளட்ச் கேபிளின் மேலுறையை விரலால் தொட்டுப் பார்த்து, என்னையும் தொடச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. ஓடாத வண்டியில் கிளட்ச் கேபிளுக்கு ஏது சூடு? எர்த் ஒயர் வழியாகத் திரும்ப முடியாத கரண்ட், பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே கிடைத்த வேறொரு உலோகப் பாதையைப் பிடித்துக்கொள்கிறது, அது கிளட்ச் கேபிளாகவோ ஆக்சிலரேட்டர் கேபிளாகவோ இருக்கும் என்றார். "கொஞ்ச நாளாகக் கிளட்ச் கெட்டியாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். இருந்தது. அதை நான் தனி நோய் என்று நினைத்து, அடுத்த செலவாக ஒதுக்கி வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை சூட்டில் இளகிக் கம்பியைப் பிடித்திருக்கிறது.

வண்டியை மேடேற்றி, கியர்பாக்ஸில் எர்த் ஒயர் இறுகும் இடத்தைப் பையன் கழற்றினான். ஒயரின் காதில் பச்சைக் களிம்பு. மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பிழைகள் பாதிக்கு மேல் பொடிந்துவிட்டன. மலையின் ஈரக்காற்றில், திறந்தவெளியில் நிற்கிற வண்டிகளில் இது சாதாரணம் என்றார். டெஸ்ட் பல்ப் ஏன் ஏமாற்றியது என்று கேட்டேன். பல்ப் எரிய ஓர் ஆம்பியரே அதிகம். செல்ஃப் மோட்டாருக்கு, சிறிய பெட்ரோல் வண்டியிலேயே, நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஓம் கணக்கில் நூற்றில் நான்கு பங்கு என்கிற அளவு சிறிய தடை பல்புக்குத் தெரியவே தெரியாது, ஆனால் நூறு ஆம்பியர் போகும்போது அதே தடை நான்கு வோல்ட்டைத் தின்றுவிடும். பள்ளியில் படித்த ஓமின் விதி இத்தனை ஆண்டுகள் கழித்துக் கோரிமேட்டில் எனக்குப் புரிந்தது. புதிய பேட்டரி வைத்ததும் கொஞ்ச நாள் ஓடியதற்குக்கூட அவரிடம் காரணம் இருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது ஒயர் அசைந்து, களிம்பின் நடுவே புதிதாக ஒரு தொடுகை கிடைத்திருக்கும்.

புதிய எர்த் ஒயரைக் கடையில் வாங்கவில்லை. தடித்த செம்பு ஒயரை வெட்டி, காதை நசுக்கிப் பொருத்தி, ஈயம் பூசி அங்கேயே செய்தார். கியர்பாக்ஸில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினார். மறுபடியும் அளந்தார். மீட்டரில் 0.15. செல்ஃப் எடுத்த வேகத்தில் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் காட்டியது. 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் டைனமோ சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறது என்று பொருளாம். ஆல்டர்னேட்டரை அவர் தலைமுறைக்காரர்கள் இன்னும் டைனமோ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பில்: சோதனைக்கு 400, ஒயருக்கும் வேலைக்கும் 350. கிளட்ச் கேபிளை வேறு மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார், "அது என் வேலை இல்லை".

இந்த 400 ரூபாயைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது. நான் காத்திருந்த நேரத்தில் ஒருவர், "மீட்டரை வைத்துப் பார்த்ததற்கா நானூறு? பாகம் ஒன்றும் போடவில்லையே" என்று சண்டை பிடித்துவிட்டுப் போனார். நம் ஊரில் பெரும்பாலானோர் அப்படித்தான். கையில் ஒரு பொருள் வந்தால் எண்ணாயிரமும் கொடுப்போம், கண்டுபிடித்ததற்கு நானூறு கேட்டால் கொள்ளை என்போம். அப்படியானால் மெக்கானிக் என்ன செய்வார்? பாகம் மாற்றினால்தான் காசு என்றால் பாகத்தைத்தான் மாற்றுவார். நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அங்கே வெள்ளியை வாங்குபவரும் விற்பவரும் முதலில் டச் பார்க்கும் கடைக்குப் போவார்கள். அந்தக் கடைக்காரர் ஒன்றும் விற்க மாட்டார், தரம் எவ்வளவு என்று சொல்வார், கூலி வாங்கிக்கொள்வார். அந்தக் கூலிக்கு யாரும் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. விற்பனை இல்லாததால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு. இந்தத் தகரக் கொட்டகையும் அந்த வகையைச் சேர்ந்தது. பேட்டரி விற்பதில்லை, செல்ஃப் மோட்டார் விற்பதில்லை, எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்றும் சொல்வதில்லை.

பிறகு விடுதி விருந்தினர் வண்டிக்கும் அவரை அழைத்தேன். ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், கிளம்புகிற காலையில் எஞ்சின் சுற்றுகிறது, பற்றவே இல்லை. தொலைபேசியிலேயே கேள்விகள் தொடங்கின. டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா? இல்லை. மின்னினால் சாவியை வண்டி அடையாளம் காணவில்லை என்று பொருள், மாற்றுச் சாவியை முயன்று பார்க்கலாம், அதிலும் ஆகாவிட்டால் கம்பெனிதான். அடுத்து, பின்சீட்டில் ஒருவர் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும், முன்னால் ஒருவர் சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ஆன் மட்டும் செய்ய வேண்டும். பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி "உய்ங்" என்று ஓடி நிற்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. பியூஸ் நன்றாக இருந்தது. "ராத்திரி வண்டி எங்கே நின்றது?" என்றார். விறகு அடுக்கிய கொட்டகை அருகே. "எலி" என்றார். நண்பகலுக்குப் பைக்கில் மேலே வந்து பானெட்டுக்குள் ஒயர்க் கட்டைப் பிரித்தால், பம்புக்குப் போகும் ஒயர் பல் பதிந்து அறுந்து கிடந்தது. ஈயம் வைத்து, மேலே உறை சுருக்கி, பழையபடி கட்டிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் எலிக்குப் பானெட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிடுகிற பழக்கம் உண்டு. அவருக்கு அதில் நம்பிக்கையில்லை. சூடான எஞ்சினுக்கு எலி வருவதைத் தடுக்க முடியாது, தீனி மூட்டையும் விறகும் இருக்கிற இடத்தில் நிறுத்தாமல் இருக்கலாம் என்பதே அவர் வைத்தியம். நான் விறகை இடம் மாற்றிவிட்டேன்.

அவர் விற்கிற ஒரே பொருள் ஜம்பர் கேபிள். வெல்டிங் கேபிளை வெட்டி, கெட்டியான செம்புக் கிளிப் பொருத்தி அவரே செய்வது, 1,400 ரூபாய். கடைகளில் பளபளப்பான பையில் இதில் பாதி விலைக்குக் கிடைக்கும். அவற்றின் உறை தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு அதிகம் இருக்காது. அந்தக் கேபிளை மாட்டினால் கேபிள் சூடாகும், வண்டி எழாது. இவருடையது பாம்பு போல முரடு, சுருட்டி வைப்பதற்குள் தோள் வலிக்கும், ஆனால் விடுதியில் விளக்கை அணைக்க மறந்து தூங்கிய வண்டிகளை எல்லாம் எழுப்பியிருக்கிறது. மாட்டுகிற வரிசையைப் பெயிண்டால் கிளிப்பிலேயே எண் போட்டுத் தருகிறார். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சினில் ஏதாவது ஒரு வெறும் உலோகத்தில். கடைசி முனையைச் செத்த பேட்டரியிலேயே மாட்டினால் அங்கே தெறிக்கும் பொறி, பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனைப் பற்றவைக்கலாம் என்பதால் அந்த ஏற்பாடு. வாங்கியதில் இந்த எண் எனக்கு மிகவும் பிடித்தது, பதற்றத்தில் எவருக்கும் வரிசை நினைவிருப்பதில்லை.

குறைகளும் உண்டு, மறைக்கப் போவதில்லை. தொலைபேசியை எடுப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. காத்திருக்க ஒரு பழைய பஸ் சீட்தான், அதில் ஸ்பிரிங் குத்தும். முறையான பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், அலுவலகக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு உதவாது. வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஒரு வண்டியைத் தொட்டால் அது முடியும்வரை அடுத்ததை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்கிற புதிய வண்டிகளின் சாவி, கணினிப் பெட்டி, ஏர்பேக் இவற்றில் கை வைப்பதில்லை. வண்டியின் கணினி காட்டும் பிழைக் கோட் படிக்கும் சிறு கருவி ஒன்று வைத்திருக்கிறார், அதன் பேச்சைப் பாதிதான் நம்புகிறார். டீசல் வண்டியில் ஃபில்டரில் தண்ணீர், காற்றுப் புகுதல் வரை பார்ப்பார், பம்ப், இன்ஜெக்டர் என்றால் அனுப்பிவிடுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் இதை நான் குறையில் பாதி, நிறையில் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். வாய் கொஞ்சம் கடுமை. வாடிக்கையாளர் தானே ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லி மாற்றச் சொன்னால், "அப்படியானால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று திரும்பி உட்கார்ந்துவிடுவார்.

மலைமேல் வர வேண்டுமென்றால் 1,200 ரூபாயும் பெட்ரோலும். மே மாதம் கோடை விழா நாட்களில் எவ்வளவு கொடுத்தாலும் ஏறமாட்டார், வளைவுகளில் நிற்கிற வண்டி வரிசையில் அரை நாள் போய்விடும் என்பார். அதில் நியாயம் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை. காலை ஒன்பதரைக்கு முன்னால் போனால் முதல் ஆளாகப் பார்க்கலாம். கார்டு, கைப்பேசிப் பணம் எதுவும் வேண்டாம் என்பார், ரொக்கமாகக் கொண்டு போங்கள்.

இன்னொன்று. போவதற்கு முன்னால் வண்டியைச் சுத்தமாகக் காட்டலாம் என்று எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். ஈரமான எஞ்சினில் அன்றைக்கு எதையும் அளக்க மாட்டார், மறுநாள் வரச் சொல்லிவிடுவார். சோதனைக் கூலியை மட்டும் அன்றைக்கே வாங்கிக்கொள்வார்.